ஒடித்துப் பார்க்கும் விரல்கள்

அன்றாட வாழ்வின் அழகைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஓர் அறிவுரையோடு தொடங்கி அதே அறிவுரையோடு முடிப்பார்கள். ஓடிக்கொண்டே இருக்காதீர்கள், சற்று நில்லுங்கள், தலையில் சூடிய பூவையும் இலையில் விழுந்த சோற்றையும் கண் திறந்து பாருங்கள் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூவும் சோறும் செம்பும் தரையும் தாமாகவே அழகாக அமைந்துவிடுவது போலவும், நம் பங்கு ரசிப்பது மட்டும்தான் என்பது போலவும் அந்தப் பேச்சு ஒலிக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. அன்றாடப் பொருள்களின் அழகை உண்டாக்குவதில் பாதிப் பங்கு அவற்றை வாங்குகிறவர்களுடையது. அந்தப் பங்கை அவர்கள் ரசித்துச் செலுத்துவதைவிட மறுத்துச் செலுத்துவதே அதிகம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, ஒடியாததைக் கூடைக்கே திருப்பிப் போடுகிற விரல்கள், மீனின் செவுளைத் தூக்கி நிறம் பார்க்கிற கை, தேங்காயைத் தட்டிச் சத்தம் கேட்கிற காது ஆகியவை இருக்கிற ஊர்ச் சந்தைக்குத்தான் நல்ல சரக்கு நாள்தோறும் வந்து இறங்குகிறது. அவை ஓய்ந்துபோனால், செய்கிறவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சரக்கு மெல்லத் தரம் இறங்கும். கைத்தொழில் அழிகிறது என்று செய்பவரின் பக்கம் நின்று அழுகிறோம். வாங்குகிறவரின் கண் மங்கியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மதுரை மல்லியை எடுத்துக்கொள்வோம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ அது. அதன் தனித்தன்மையாகச் சொல்லப்பட்டவை தடித்த இதழ், இதழின் நீளத்துக்கு ஈடான காம்பு, நின்று வீசும் மணம் ஆகியவை. இவையெல்லாம் மண்ணின் குணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். மண்ணுக்கு அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் செடிக்கான பதியன்கள் பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வருபவை. பிறந்த இடம் ஒன்று, பெயர் பெற்ற இடம் ஒன்று. இடையில் அந்தப் பூவுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மொட்டை விடியுமுன் பறிக்கிறார்கள். வெயில் ஏறினால் மொட்டு வாடும், இல்லாவிட்டால் அவசரப்பட்டு விரியும். அது விரிய வேண்டிய நேரம் மாலை, விரிய வேண்டிய இடம் ஒருத்தியின் கூந்தல் அல்லது ஒரு சாமியின் தோள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் மூட்டையின் மேல்வாயைப் பார்த்து விலை வைப்பதில்லை. கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். நேற்றைய மொட்டு கலந்திருந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அங்கிருந்து பூ, கட்டுகிறவரிடம் போகிறது. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு என்று அடுக்கி வாழைநாரால் முடிச்சிடும்போது காம்பு நீளமாக இருந்தால்தான் முடிச்சு நிற்கும். குட்டையானதை விரல் தானாகவே ஒதுக்கிவிடும். கடைசியில் வாங்குகிறவர். சரத்தை நீட்டிப் பிடித்து, நெருக்கமாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்து, சரத்தைக் காட்டிலும் முழம் போடுகிற கையையே உற்றுக் கவனிப்பவர். அரசு ஆவணம் பூவின் குணங்கள் என்று பட்டியலிட்டவற்றை இப்போது மறுபடி பாருங்கள். தடித்த இதழ் மாலைவரை தாங்கவேண்டும் என்று கேட்டவர் சூடுகிறவர். நீண்ட காம்பைக் கேட்டவர் கட்டுகிறவர். தலைமுறை தலைமுறையாக வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவை போக எஞ்சியதே மதுரை மல்லி.

இதை ஊகம் என்று தள்ளிவிட முடியாது. இதே பூவுக்கு இன்னொரு வகை வாடிக்கையாளரும் உண்டு. வரத்து பெருகி விலை சரியும் மாதங்களில் வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகள் மல்லியை எடைக்கு வாங்குகின்றன. ஆலைக்குக் காம்பின் நீளம் பொருட்டில்லை, மொட்டின் வடிவம் பொருட்டில்லை. கரைப்பானில் விழப்போகிற பூவுக்கு முகம் எதற்கு? ஆலை மட்டுமே வாங்குகிற ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். அங்கே மணம் பிழைக்கும். ஆனால் இன்று நாம் மல்லி என்று எதைப் பார்க்கிறோமோ அதை வளர்க்க யாருக்கும் காரணம் இருக்காது. பூ ஒரே நாளில் வாடுவதும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வாடாத பொருளில் ஏமாற்றினால் தெரிவதற்கு வருடங்கள் ஆகும். பூவில் இன்று செய்த பிழை நாளைக் காலையே பேச்சில் வந்துவிடும், அதே முகம் அதே கடைக்கு வருவதால். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் அரளியையும் நொச்சி இலையையும் மடித்து அடுக்கி, சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாகக் கல் பதித்தது போலப் பின்னுகிற மாணிக்க மாலையைப் பார்த்தவர்களுக்கு, ஒரு நாள் வாழ்வுக்காக இவ்வளவு உழைப்பா என்று தோன்றும். மறுநாள் மறுபடி செய்தே ஆகவேண்டும் என்பதால்தான் அந்தக் கை அவ்வளவு தேர்ந்திருக்கிறது.

அழியாத பொருளுக்கு வருவோம். 1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் ஓர் அறிக்கை எழுதிக்கொடுத்தார்கள். ஆமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அது வழிவகுத்தது. இந்த நாட்டில் தாங்கள் பார்த்த பொருள்களிலேயே ஆக அழகியதாக அவர்கள் சுட்டியது தாஜ்மகாலை அல்ல, வீட்டுக்கு வீடு இருந்த செம்பை. கோவில் சிற்பத்தை விட்டுவிட்டுச் செம்புக்குப் போனார்களே என்று அன்று சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். இதை ஒரு மனிதர் வடிவமைத்திருக்க முடியாது என்று சொல்லி, செம்பு செய்ய உட்கார்கிறவர் எதையெல்லாம் எண்ணவேண்டும் என்று அவர்கள் கேள்விகளை அடுக்கினார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கவேண்டும், யாருடைய கைக்கு அடங்கவேண்டும், இடுப்பிலும் தலையிலும் எப்படி நிற்கும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் பாரம் எங்கே விழும், ஊற்றும்போது எப்படி வழியும், தேய்க்க எளிதா, விலை என்ன. அருமையான பட்டியல். ஆனால் அந்தக் கேள்விகளைச் செய்பவரின் வாயில் வைத்ததில்தான் எனக்கு வேறுபாடு. பாத்திரம் வார்க்கிற எந்தக் கன்னாரும் இவ்வளவையும் தனியே உட்கார்ந்து எண்ணியிருக்கத் தேவையில்லை. கழுத்து குறுகிப்போய் உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியாத செம்பு வாங்கப்படாமல் கடையிலேயே கிடந்திருக்கும். அடுத்த தடவை அவர் கழுத்தை அகட்டியிருப்பார். ஜப்பானில் யானகி சொயெட்சு, பெயர் தெரியாத கைவினைஞர்கள் செய்த நாட்டுப்புறக் கலங்களின் அழகுக்காக வாதாடி, 1936இல் தோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகமே நிறுவினார். பயன்பாட்டிலிருந்து அழகு பிறக்கிறது என்று அவர் சொன்னதை நானும் ஏற்கிறேன். செய்தவரின் பெயர் தெரியாமல் போனதைப் பற்றி அவர் நிறையவே எழுதினார். பயன்படுத்தி, குறை சொல்லி, மாற்றச் சொன்னவர்களும் பெயரில்லாமல்தான் போனார்கள்.

இதைக் கேட்கிற ஒருவர், இதெல்லாம் பழங்காலத்துச் செய்தி, நூற்றாண்டுக் கணக்கில் ஊறிய மரபுக்குத்தான் பொருந்தும் என்று சொல்லலாம். அவருக்குக் காப்பியைக் காட்டுவேன். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஒரு நூலுக்குத் தலைப்பே ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. நாம் ஆதிகாலத்துப் பழக்கம் போல எண்ணுகிற வடிகட்டிய காப்பி தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்து நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகவில்லை. அதற்குள் டபரா, டம்ளர், பித்தளை பில்டர், முதல் டிகாஷன், நுரையின் உயரம் என்று ஒரு முழு இலக்கணமே உருவாகிவிட்டது. இவ்வளவு வேகமாக எப்படி? காப்பித்தூள் கடையில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். பீபெர்ரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது, இல்லை வேண்டவே வேண்டாம், கொஞ்சம் கூடவே வறுத்து, பில்டருக்கு ஏற்ற பதத்தில் அரைத்து என்று கட்டளை இடுவது வாங்குகிறவர். கடைக்காரர் அந்தக் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் அளவு மாறும், அல்லது கடை மாறும். இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு நல்ல மரபு உருவாக அதுவே போதுமாயிருந்தது. அதே தெருவில் ஒட்டி முத்திரையிட்ட பாக்கெட்டில் வரும் தூளுக்கு இப்படி ஓர் உரையாடல் இல்லை. அது மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஒரே சுவையில் நின்றுவிடுகிறது.

விலைக்கு விற்காத அழகும் உண்டே, அதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்கலாம். கோலத்தை யார் வாங்குகிறார்கள்? யாரும் வாங்குவதில்லை. ஆனால் தெரு பார்க்கிறது. புள்ளியைச் சுற்றி வைத்த கை எடுக்காமல் வளைந்து தொடங்கிய இடத்திலேயே வந்து மூடவேண்டிய சிக்குக் கோலத்தில் ஓர் இழை தப்பினால், எதிர்வீட்டுக்காரர் வாய் திறக்காவிட்டாலும் போட்டவருக்குத் தெரியும். கோலத்தின் விதிகள் எவ்வளவு கறாரானவை என்றால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலியோர் 1970களில் கணினி அறிவியலின் இலக்கணங்களாக அவற்றை எழுதிக்காட்ட முடிந்தது. விதி இருக்கிற இடத்தில் பிழையும் தெரியும். பிழை தெரிகிற கண்கள் தெரு முழுவதும் இருந்ததால்தான் கோலம் செழித்தது. ஏழாவது மாடியில் லிப்டுக்கும் கதவுக்கும் இடையில் ஒட்டுகிற ஸ்டிக்கர் கோலத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அங்கே தெரு இல்லை.

இனி கடுமையான ஆட்சேபணை. நீங்கள் சொல்கிற அந்தக் கூர்மையான கண் யார்மேல் விழுந்தது? கூலிக்குப் பூக் கட்டுகிற பெண்மேல், தலைச்சுமையாகக் காய் கொண்டுவந்தவர்மேல், சாதியால் ஒரு தொழிலில் கட்டப்பட்டுக் கிடந்தவர்மேல். பூவின் அழகைப் பாடுகிற அதே சமூகம் கைம்பெண்ணின் தலையிலிருந்து பூவை எடுத்தது. தேர்ந்தெடுத்து வாங்குகிற அறிவும் பெண்கள் சம்பளமில்லாமல் சுமந்த வேலைதான். இவை எல்லாம் உண்மை. யாழ்ப்பாணத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, 1908இல் கண்டிச் சிங்களக் கைவினைகளைப் பற்றிய பெரும் நூலை வெளியிட்டவர். செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே அறிவைப் பகிர்ந்துகொண்ட சமூகத்தில்தான் கலை உயிரோடு இருந்தது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பொறுப்பில் இருந்துகொண்டே, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்றும் கேட்டார். என் வாதத்தில் அவருக்குக் கடன் உண்டு. ஆனால் பிறப்பால் தொழில் வகுத்த அமைப்பை அவர் ஏறத்தாழ ஓர் இசைவாகவே கண்டார். அந்த இடத்தில் அவரோடு நடக்க முடியாது. காப்பித்தூள் கடையில் சிக்கரி அளவைச் சொல்வதற்குச் சாதி அமைப்பு தேவைப்படவில்லை. பொருளைக் கறாராகப் பார்ப்பது வேறு, ஆளைக் கறாராக நசுக்குவது வேறு. நல்லதைப் பிரித்தறியத் தெரிந்தவர் நல்லதற்குக் கூடக் கொடுக்கவும் தயங்கமாட்டார் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் தரத்தைப் பார்த்துவிட்டு விலையையும் அடிக்கிறவர்கள் எல்லாச் சந்தையிலும் இருக்கிறார்கள். பூக் கட்டுகிறவரின் கூலிப் பிரச்சினையை என் வாதம் தீர்த்துவைக்காது. அதற்குச் சங்கமும் சட்டமும் வேண்டும்.

பிளாஸ்டிக்கைப் பற்றிய கேள்வி இதைவிட எளிது. பித்தளைக் குடத்தையும் மண்குடத்தையும் புகழ்கிறவர்கள், குழாயடியில் வரிசையில் நின்று மூன்று மாடி ஏற்றித் தண்ணீர் சுமந்த பெண்களைக் கேட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் குடம் வந்தது அவர்கள் முதுகுக்கு ஒரு விடுதலை. அழகியல் பேசுகிறவர் இதை மறந்தால் அவர் பேச்சை யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குடத்தின் உருவத்தைக் கவனியுங்கள். அச்சில் உருவாக்கும் பொருளுக்கு எந்த வடிவமும் கொடுக்கலாம். பெட்டி போலச் செய்திருந்தால் லாரியில் அடுக்கக்கூட வசதி. இருந்தும் அது பழைய குடத்தின் ஒடுங்கிய கழுத்தையும் பருத்த வயிற்றையும் அப்படியே வைத்துக்கொண்டது, இடுப்பு வேறு வடிவத்தை ஏற்காது என்பதால். பொருள் மாறியது, விலை மாறியது, செய்கிறவர் மாறினார், கன்னார் கடை போய்த் தொழிற்சாலை வந்தது. தூக்குகிறவர் மாறவில்லை, ஆகவே வடிவம் தப்பியது. சென்னைத் தண்ணீர் லாரிக்கு முன்னால் பச்சையும் ஆரஞ்சுமாக வரிசை பிடித்து நிற்கும் குடங்கள், ஈம்ஸ் தம்பதியர் கேட்ட கேள்விகளுக்கு நம் காலம் சொன்ன பதில்.

இனி வார இறுதிப் பயணத்துக்கு வருவோம். அழகைத் தேடுவதென்றால் ஊரை விட்டுக் கிளம்புவது என்று இன்று ஆகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை என்பதே நம்மிடம் புதிது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் 1985இல்தான் வந்தது. பல ஊர்களில் நெசவாளருக்கு ஓய்வு அமாவாசையோடு வந்ததே தவிர, சனி ஞாயிறோடு வரவில்லை. விடுமுறை நல்லது, பயணமும் நல்லது. சிக்கல் பயணியின் கண்ணில் இருக்கிறது. அவர் நாளை திரும்பி வரப்போவதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடிக்குப் போகிறவர்கள் தரைக்கல் செய்கிற பட்டறையைப் பார்க்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத் தகரம், அதன் அறைகளில் கரண்டியால் ஊற்றும் வண்ணச் சிமெண்ட், தகரத்தைத் தூக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டியும் கலக்காத நிறங்கள், மேலே காய்ந்த கலவை, அதன் மேல் மணல் சாந்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல். சூளையும் கிடையாது, மின்சாரமும் அதிகம் வேண்டாம். கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்துக்கு ஏறிவிடுகிறது. பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை. படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

அந்தக் கல் நல்லதா என்பது பட்டறையில் தெரியாது. ஐந்தாறு வருடம் ஈரத்துணியால் துடைத்து, எப்போதாவது ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி, பிள்ளைகள் ஓடி விளையாடிய பிறகுதான் மெருகு ஏறியதா, உப்புப் பூத்ததா, வண்ணம் பொடிந்ததா என்று தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் அந்தத் தீர்ப்பைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அடுத்த வீடு கட்டும்போது கொத்தனாரிடம் அதைச் சொன்னார்கள். இன்று வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன, சில இடிபட்டுத் தூண் தூணாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன, சில விடுதிகளாகியிருக்கின்றன. விடுதிகளும் நகரத்துக் கட்டடக் கலைஞர்களும் தரும் ஆர்டர்களால்தான் பட்டறைகள் ஓடுகின்றன என்று நீங்கள் சொன்னால், ஆமாம் என்பேன். சுற்றுலா இல்லாவிட்டால் இந்தக் கல் இன்று இருக்காமலேகூடப் போயிருக்கலாம். ஆனால் ஓர் இரவு தங்குகிறவர் தரையைப் படத்தில் எப்படி இருக்கிறது என்று மட்டுமே சோதிக்கிறார். படத்துக்காகச் செய்யத் தொடங்கினால் மேல்வண்ணம் மெலிந்தாலும் பாதகமில்லை. ஆகவே பயணத்தைக் கைவிடச் சொல்லவில்லை, போகிற இடத்தை மாற்றச் சொல்கிறேன். விடுதித் தரையைப் பார்த்த கண்ணோடு அந்த ஊரில் ஆள் குடியிருக்கிற ஒரு வீட்டின் அடுப்படித் தரையையும் பார்க்கவேண்டும். துடைக்கிறவரிடம் பேச்சுக் கொடுக்கவேண்டும். ஊர்ப் பலகாரத்தைப் பேருந்து நிலையத்துப் பளபளப்புக் கடையில் வாங்காமல், அந்த ஊர்க்காரர்கள் சண்டை போட்டு வாங்குகிற கடையைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே நமக்காக அவர்கள் ஏற்கெனவே சோதித்து வைத்திருக்கிறார்கள்.

புவிசார் குறியீடு இந்த வேலையைச் செய்யாதா என்று கேட்பார்கள். 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2023இல் மணப்பாறை முறுக்கு என்று பட்டியல் நீள்வதில் எனக்கும் மகிழ்ச்சிதான். குறியீடு பெயரைக் காக்கிறது, வேற்றூர்க்காரர் அந்தப் பெயரைத் திருடாமல் பார்த்துக்கொள்கிறது. பெயருக்கு உரியவரே பாலைக் குறைத்தால் அதை நாக்கில் வைத்துச் சொல்ல ஆள் வேண்டும். திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே அடிக்கடி ரயிலில் போய்வருகிறவர்கள் மணப்பாறை முறுக்குக்கு அந்த ஆட்களாக இருந்திருக்கிறார்கள்.

கடைசியாக, இன்று இளைஞர்கள் கேட்கிற கேள்வி. பத்து நிமிடத்தில் பூவே வாசலுக்கு வருகிறது, பிடிக்காவிட்டால் நட்சத்திரத்தைக் குறைக்கலாம், படம் எடுத்து அனுப்பினால் பணம் திரும்ப வந்துவிடும். நீங்கள் சொல்கிற மறுப்பு இன்னும் எளிதாகத்தானே ஆகியிருக்கிறது? ஒருவகையில் ஆம். சந்தையில் வாய் திறக்கத் தயங்கியவருக்கு இப்போது விரல் இருக்கிறது. ஆனால் அந்த நட்சத்திரம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். கொண்டுவந்த பையனின் மதிப்பெண்ணில் அது கழியும், கிடங்கின் கணக்கில் ஒரு வரி ஏறும். பெட்டிக்குள் சரம் நெகிழ்ந்து கட்டப்பட்டிருந்ததா, நேற்றைய மொட்டு கலந்திருந்ததா, காம்பு குட்டையா என்று கேட்க அந்தத் திரையில் இடமே இல்லை. கட்டிய பெண்ணுக்கு அவள் சரம் மறுக்கப்பட்டதும் தெரியாது, நன்றாக இருந்தது என்று யாரோ அதே கட்டைத் தேடியதும் தெரியாது. அவளுக்கு அந்தச் செய்தியும் அதற்கேற்ற கூலியும் போய்ச் சேர வழி செய்கிற ஒரு கடை இணையத்தில் வருமானால், இன்று சொன்னதில் கணிசமான பகுதியைத் திருத்திக்கொள்ள நான் தயார்.